கால் பார் காற்று

டர்போக்காரர்களோடு எனக்குப் பகை கிடையாது. சூரியநெல்லி ஸ்டாண்டில் நிற்கிற டீசல் ஜீப்புகளுக்கு அதுதான் தோது என்றால் தலையாட்டிவிட்டுப் போவேன். எம்எம் வரிசை ஜீப்பின் எக்ஸ்டி3பி இன்ஜினுக்கு டர்போ மாட்டியவனையும் குறை சொல்ல முடியாது. அதே 2498 சிசி வம்சத்துக்கு பியூஜோ கம்பெனியே டர்போ வைத்து 505 காரில் ஓடவிட்டிருக்கிறது. சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம். ஆனால் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினில் பெல்ட்டில் சுற்றுகிற ப்ளோயரை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு, அதற்கப்புறமும் டர்போ விசிலைச் சங்கீதம் என்கிறவரோடு எனக்குப் பேச அதிகம் இல்லை.

இந்தப் பிடிவாதம் எனக்குக் கஞ்சிக்கோட்டில் வந்தது. சின்ன வயதில் வாளையாறு பக்கத்து ஏற்றத்தில் ஆல்கோ ரயில் இன்ஜின் இழுப்பதைப் பார்க்க நின்றுகொண்டிருப்போம். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். டிரைவர் நாட்சை ஏற்றியதும் முதலில் வருவது வேகம் இல்லை, புகை. டீசல் உள்ளே போய்விட்டது, எரிக்கக் காற்று வரவில்லை. தள்ள வேண்டிய டர்போ, புகை சூடேறி வேகமெடுக்கட்டும் என்று காத்திருக்கிறது. அந்தக் கரும்புகைக்கென்றே பித்துப் பிடித்தவர்கள் உண்டு, என் தம்பி உட்பட. எனக்கு அது கடன் வாங்கியவன் தவணை சொல்வது மாதிரி. பெல்ட் ப்ளோயரிடம் தவணைப் பேச்சு கிடையாது. கிராங்க் சுற்றினால் அதுவும் சுற்றியாக வேண்டும். லோவில் ஃபர்ஸ்ட் போட்டு, ஈரப் பாறைமேல் ஒரு டயரைத் தூக்கி வைக்கிற நொடியில் வேண்டியிருப்பது கையிருப்புக் காற்று.

நான் சொல்கிற ஜீப் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து சிஜே3பி. ஹரிக்கேனின் உயரத்துக்காகவே பானெட்டைத் தூக்கிக் கட்டிய, பார்க்கக் கொஞ்சம் அசட்டு முகமுள்ள அந்த மாடல். வேலை செய்தவர் போடிக்காரர். மலைமேல் மலையாளிகள் கூப்பிட்ட ‘ஆசான்’ அவருக்குப் பேராகவே ஒட்டிக்கொண்டது. ப்ளோயர் வந்தது கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து. ஏதோ ஒரு மெர்சிடிஸ் ‘கம்ப்ரஸர்’ காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45. கடைக்காரர் அதை ஏசி கம்ப்ரஸர் என்று நினைத்து எடைக்குப் போட்டார். நாங்களும் திருத்தவில்லை. (இந்த வகைக்கு ரூட்ஸ் ப்ளோயர் என்று பேர். எங்கே கிடைக்கும் என்று கோவையில் கேட்டுவிடாதீர்கள், ஹாரன் கடைக்கு வழி காட்டுவார்கள். இந்த ரூட்ஸ் வேறு. இந்தியானாவில் 1860-இல் பேட்டன்ட் வாங்கிய அண்ணன் தம்பி.)

ஹரிக்கேனில் இன்டேக் மேனிஃபோல்ட் என்று தனியாக ஒன்று கிடையாது, ஹெட்டுக்குள்ளேயே வார்த்திருப்பார்கள். சோலெக்ஸ் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆசான் அலுமினியக் குழாயை இறக்கினார். சோலெக்ஸ் ப்ளோயரின் வாய்க்குப் போனது. பெட்ரோல் சாரல் ரோட்டரை நனைத்துக் குளிர்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

ஆனால் இதெல்லாம் கைவேலை. யாரும் செய்துவிடலாம். நான் சொல்ல வந்தது புல்லி.

ஹரிக்கேனுக்கு எஃப்-134 என்று பேர், அதாவது 134 கன அங்குலம். ஃபோர் ஸ்ட்ரோக், ஆகவே சுற்றுக்கு 67. எம்45 ஒரு சுற்றுக்குத் தள்ளுவது 45. கிராங்க் ஒரு சுற்று சுற்ற ப்ளோயர் ஒன்றரைச் சுற்று சுற்றினால் 67½, கணக்கு நேர். கசிவையும் சூட்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒன்றரைக்கு மேல் போவதெல்லாம் அழுத்தம். அமெரிக்காவில் வி8 தலைமேல் ஏற்றுகிற 6-71-உம் இதே குலம்தான். ஜிஎம் டூ-ஸ்ட்ரோக் டீசலுக்குச் செய்த ப்ளோயர். ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம். பேரிலேயே கணக்கை எழுதி வைத்த காலம் அது.

ஆசானுக்கு இந்தப் பெருக்கல் எதுவும் தேவைப்படவில்லை. போடியில் ஒரு கடைசல் பட்டறையில் மூன்று புல்லி கடைந்து வாங்கி வந்தார். ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசம். பெரியதை முதலில் மாட்டி ஏற்றத்தில் ஒரு நடை. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹெட்டில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு, என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதற்குத் தலை லேசாக அசைந்தது. மூன்றாவது, இருப்பதிலேயே சின்னது. ஜீப் துள்ளியது, நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“இது வேண்டாம் தம்பி. உள்ளே யாரோ கதவைத் தட்டுறான்.”

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டாவது புல்லியே நிலைத்தது, டிஸ்ட்ரிப்யூட்டரையும் ஒரு மயிரிழை பின்தள்ளி வைத்தார். ஹரிக்கேனின் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஏழுதான். ப்ளோயருக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பேரிங். காற்றைக் குடிக்க இடமிருக்கிறது என்பதற்காக ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது.

மீட்டரில் கொழுக்குமலை உச்சியில் கால் பார். கீழே கொஞ்சம் கூட. கால் பார் என்றதும் இப்போதைய பையன்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாருக்குக் குறைந்தால் பூஸ்டே இல்லை. ஏழாயிரம் அடிக்கு மேலே காற்றழுத்தமே கடலோரத்தைவிட ஏறக்குறைய கால் பார் குறைவு என்பதை அவர்களிடம் யார் சொல்வது? மலை எடுத்துக்கொண்டதை ஆசான் திருப்பிக் கொடுத்தார், வட்டி சேர்க்கவில்லை. இந்தக் கலைக்குப் பழைய வேர் உண்டு. 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்கிற இன்ஜினியர் லிபர்ட்டி விமான இன்ஜினை பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கு மேலே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கீழே 350 குதிரை இழுத்தது மேலே 230-க்கு இளைத்தது. காற்றைத் திணித்ததும் 356. அவர் திணித்தது டர்போவால் என்று என் தம்பி இங்கே குறுக்கிடுவான். சரி, இருக்கட்டும்.

2012 மார்கழியில் ஒரு விடியலில் ஏறினோம். கொழுக்குமலை எஸ்டேட் தேனி மாவட்டம், ஜீப் ஏறுகிற பாதை இடுக்கி. எல்லை எந்தக் கல்லில் முடிகிறது என்று டயருக்குத்தான் தெரியும். ப்ளோயர் ஓடுவதே தெரியவில்லை. காலை அழுத்தும்போது மட்டும் இரண்டு தெரு தள்ளி மரம் அறுக்கிற மில் ஓடுவது போல ஒரு இழை சத்தம் எழும்பும், காலை எடுத்தால் அடங்கும். முன்னால் போன டீசல் ஜீப் கரியைக் கக்கிக்கொண்டு முனகியது. ஆசான் பேசவே இல்லை. உச்சியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ப்ளோயர் மேல் உள்ளங்கையை வைத்தார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” எண்ணிவிட்டு எடுத்தார். பிறகுதான் டீ கேட்டார்.

கம்பெனி செய்ததில் கை வைப்பதே பாவம் என்கிற கட்சியும் உண்டு. அவர்களுக்கு டபிள்யூ. ஓ. பென்ட்லியே துணை. தன் நாலரை லிட்டர் இன்ஜினில் பந்தயக்காரர் டிம் பர்க்கின் ப்ளோயர் மாட்டியதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1930 லெ மான்ஸில் ஜெயித்ததும் ப்ளோயர் இல்லாத ஸ்பீட் சிக்ஸ்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தில் மெர்சிடிஸைத் துரத்தித் துரத்தி அலுக்கவைத்தது யார் என்று கேட்டால் அவர்களும் பர்க்கினைத்தான் சொல்வார்கள்.

என் வருத்தம் அவர்கள் மேல் இல்லை. சைலன்ஸர் வாலில் சொருகினால் டர்போ மாதிரி ஊதுகிற விசில் விற்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு நெல்லியாம்பதி மின்னாம்பாறைப் பாதையில் ரீல்ஸ் எடுக்கிறார்கள். உள்ளே காற்று ஒரு மூச்சுகூட அதிகமாகப் போகவில்லை, சத்தம் மட்டும் போகிறது. ‘மேட் மேக்ஸ்’ படத்தில் பானெட்டைக் கிழித்துக்கொண்டு நின்ற ப்ளோயரே டம்மிதானே என்று ஒரு பையன் என்னை மடக்கினான். உண்மைதான். அது சினிமா என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோட்டத்துக்காரர் பயந்து ப்ளோயரைக் கழற்றச் சொன்னார். சோலெக்ஸ் பழைய இடத்துக்கே வந்தது. ஜீப் இப்போதும் ஓடுகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு.

போன வருஷம் ஆசானின் பட்டறைக்குப் போயிருந்தேன். ப்ளோயர் ஏலக்காய்ச் சாக்கு ஒன்றில், மூன்று புல்லிகளோடு, மூலையில் கிடந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, புல்லியைப் பிடித்து ரோட்டரைச் சுற்றினேன். இரண்டும் மயிரிழை விட்டு, ஒன்றையொன்று தொடாமல், பிணைந்து பிணைந்து சுற்றின. காற்று வெளியேறும் வாயில் உள்ளங்கையை வைத்தேன்; குளிர்ந்த காற்று வந்து மோதியது.

ஆசான் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “பேரிங் நல்லாத்தான் இருக்கு. சாக்கைக் கட்டி வை தம்பி, உள்ளே தூசி போயிடும்.”