மணிப்பூட்டுக்கு எழும்பூரில் என்ன வேலை?

திண்டுக்கல்லில் காலையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினால் பிற்பகலில் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான். (வெள்ளிக்கிழமை போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம்.) 1851-இல் சென்னை இலக்கியச் சங்கத்தின் சேகரிப்பைக் கொண்டு தொடங்கியபோது அதன் கையிருப்பில் பெரும்பங்கு கற்களும் கனிமங்களும். பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் ராணுவ மருத்துவர். இந்த நாட்டில் எங்கே என்ன விளைகிறது, எதற்கு உதவும் என்று கணக்கெடுப்பதில் ஆர்வம் உள்ளவர். துறைமுக நகரத்து அருங்காட்சியகம், பிறப்பிலேயே பண்டகசாலைக்குத் தம்பி. வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்தெடுத்த அமராவதிச் சிற்பங்கள் மெட்ராஸ் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு பகுதி 1859-இல் கப்பலேறி, இன்று லண்டனில் இருக்கிறது. உள்நாட்டுப் பருத்தி போன வழியிலேயே கல்லும் போயிற்று.

செப்புத்திருமேனிகள் வந்த வழி வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வயலில் வெட்டும்போது தட்டுப்பட்ட சிலை தாலுகா அலுவலகம், கலெக்டர் அலுவலகம் என்று ஏறி எழும்பூர் சேரும். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிற்கும்போது விளக்க அட்டையில் ஊர்ப்பெயர் கிடைக்கிறது. வார்த்த ஸ்தபதியின் கைப்பக்குவத்தைப் பற்றி அட்டை பேசுவதில்லை. அப்படியானால் எல்லாவற்றையும் ஊருக்கே அனுப்பிவிடலாமா? சிலைத் திருட்டின் வரலாறு தெரிந்தவர் யாரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். காவலும் பராமரிப்பும் இல்லாத இடத்தில் ஐம்பொன்னை வைப்பது கடத்தல்காரனுக்கு வழிகாட்டுவது. இந்த ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அது ஐம்பொன்னுக்குத்தான் பொருந்தும். ஒரு பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதன் விலையை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. அதைச் செய்யத் தெரிந்த கை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். மாங்காய்ப் பூட்டின் உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்களுக்கு ஏற்ப, சாவியின் பற்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி ராவிச் சரிபார்க்க வேண்டும். அச்சில் அடித்துத் தள்ளுகிற வேலை அல்ல. மணிப்பூட்டில் சாவி சுற்றச் சுற்ற மணி அடிக்கும்: திறப்பவன் திருடனானாலும் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து மலிவு விலையில் வந்து குவியும் இயந்திரப் பூட்டின் முன்னால் குறியீடு மட்டும் என்ன செய்யும்? பட்டறைகள் குறைகின்றன, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள்.

பூட்டு கடைச்சரக்குதானே, கலையா என்பார்கள். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் 2009, 2010-இல் கா. ராஜன் குழு அகழ்ந்த ஈமக்குழியில் கிடைத்தவை என்ன? ஒரு சாடியில் நெல், தமிழி எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி, பாசிமணி. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று ஆய்வகம் சொன்னது. நெல்லின் காலமே எழுத்தின் காலமும் ஆகுமா என்ற வாதம் அறிஞர்களிடையே இருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், அந்தத் தாங்கியைச் சுட்ட குயவருக்கு அது அன்றாடச் சரக்குதான். அவர் மண்ணோடு போன பிறகு நாம் அதைக் கண்ணாடிக்குள் வைக்கிறோம். பூட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எனவே மணிப்பூட்டை எழும்பூருக்கு அனுப்பி அட்டை எழுதுவதில் பயனில்லை. அங்கே யாரும் சாவியைச் சுற்றப் போவதில்லை. திண்டுக்கல்லுக்கு வேண்டியது பட்டறையோடு சேர்ந்த ஒரு கூடம்: சுவரில் பழைய பூட்டுகள், கீழே உலையும் அரமும், கூலி வாங்கிக்கொண்டு வேலை காட்டும் இரண்டு ஆசாரிகள். கூட்டம் வருமா என்றால், மலைக்கோட்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பழனிக்குப் போகிறவர்களில் பலரும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள். அந்த ஆசாரிகளுக்கு மாதக் கூலியை யார் கொடுப்பது என்பதுதான் இதில் கடினமான கேள்வி.