ஜெனோவாவின் குலப்பூசலும் வணிக வளர்ச்சியும்: கிரீஃபின் வாதம் குறித்த மறுநோக்கு

இடைக்கால ஜெனோவாவின் அரசியலை ஆராய்வோர் அவ்னர் கிரீஃப் 1994இல் வெளியிட்ட கட்டுரையைத் தவிர்த்துச் செல்ல இயலாது. பூசலை இத்தாலிய நகரத்தாரின் இயல்பெனக் கூறி அமையாமல், அதனைக் குலங்களின் ஆதாயக் கணக்காக அது விளக்கியது. 12ஆம் நூற்றாண்டில் பெருங்குலங்கள் கொன்சுல் பதவிகளுக்காகப் போட்டியிட்டன. கடல்கடந்த வணிகச் சலுகைகள் பெருகினால் நகரைக் கைப்பற்றுவதன் ஆதாயமும் பெருகும். ஆகவே குலங்கள் கூடிச் சலுகை தேடத் தயங்கிப் படைவலிமையைப் பெருக்கின என்கிறார் கிரீஃப். போரில்லாத ஆண்டுகளும் அவர் பார்வையில் ஒத்துழைப்பின் காலமல்ல. ஒருவரையொருவர் அஞ்சிய காலமே.

இம்முட்டுக்கட்டையை நீக்கியது 1194இல் உறுதிப்பட்ட பொடெஸ்தா ஆட்சி என்பது அவர் முடிவு. பொடெஸ்தா வெளியூரார்; ஊதியம் பெற்று ஓராண்டு ஆள்பவர்; தம் நீதிபதிகளையும் வீரர்களையும் உடன் கொணர்பவர். ஒரு குலம் முழுவெற்றி பெற்றால் அவரது ஊதியம் போகும். எனவே எக்குலமும் ஓங்காமல் காப்பதே அவருக்கு நலம். உள்ளூரில் மணவுறவு கொள்ளவும் அவருக்குத் தடையிருந்தது. குலங்களின் ஐயம் அத்துணை ஆழமானது.

வாதம் நுட்பமானது. ஆயின் 1257க்குப் பிந்தைய நிகழ்வுகள் அதற்கு எளிதில் இணங்கவில்லை. அவ்வாண்டு எழுச்சியில் மக்கள் தலைவராகக் குக்லியெல்மோ பொக்கனேக்ரா பதவியேற்றார். கருங்கடல் வணிகத்தைத் திறந்துவிட்ட நிம்ஃபாயோன் உடன்படிக்கை, பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேலுடன் 1261இல் செய்யப்பட்டது, அவர் காலத்தில்தான். 1270இல் தோரியா, ஸ்பினோலா குலத்தார் இருவர் இணைந்து ஆட்சியைக் கைக்கொண்டனர். ஃபியெஸ்கி, கிரிமால்தி குலங்கள் எதிரணியில் நின்றன. பொடெஸ்தா பதவி நீடித்ததெனினும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஓரணி நகரை ஆண்ட இக்காலத்திலேயே 1284இல் மெலோரியாவில் பீசா வீழ்ந்தது. 1293இல் வரிக்குட்பட்ட கடல்வணிகத்தின் மதிப்பு ஏறத்தாழ 38 இலட்சம் ஜெனோவா பவுண்டு. பொடெஸ்தா முறை தடுக்க வேண்டிய நிலையே வளர்ச்சியின் உச்சத்தோடு ஒத்துவருகிறது. வெளிநாட்டுச் சந்தை திறந்ததற்கு அவ்வாதம் தரும் இடம் மிகச் சிறிது.

சான்றுகளையும் நோக்க வேண்டும். 1190ஆம் ஆண்டளவில் கொன்சுல் பதவிமீதான பொறாமையே பொடெஸ்தாவை வரவழைத்ததென எழுதியவர் ஒத்தோபோனோ. காஃபாரோ தொடங்கிய ஆண்டறிக்கையின் தொடர்ச்சியே அவருடையது. அது 1152 முதல் நகர அரசின் ஏற்புபெற்ற ஆவணம். பூசலின் காரணத்தை ஆட்சியாளர் தரப்பு வகுத்துக்கொண்ட முறை அதில் படிந்திருக்கக்கூடும். கிரீஃப் அதனைப் பெரும்பாலும் நேர்ச்சான்றாகவே கொள்கிறார்.

குலங்களுக்குப் புறத்தேயிருந்த மக்கள் அவரது மாதிரியில் பெரிதும் இடம்பெறவில்லை என்பதே இவற்றினும் பெரிய குறை. 1257இல் எழுந்தவர்கள் அவர்களே. 1339இல் சிமோனே பொக்கனேக்ராவை முதல் தோஜேயாக்கிப் பழங்குலத்தாரை அப்பதவியிலிருந்து விலக்கியவர்களும் அவர்களே.