மணலிக்கு வந்த மார்ச்

மணலி என்றதும் இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையும்தான் கண்முன் வருகின்றன. ஆனால் கர்நாடக இசைக்குள் மேல்நாட்டு மெட்டு வந்து சேர்ந்த பாதைகளில் ஒன்று இந்த ஊர் வழியாகவே போனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் இங்கே வாழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷாக இருந்த வேங்கடகிருஷ்ண முதலியாரோடு சென்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பேண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. மகன்களில் இளையவர் பாலுசாமி வயலின் கற்றார். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர், கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்று நாம் சொல்லும் ஏறத்தாழ 40 உருப்படிகள் அப்படிப் பிறந்தவை.

எல்லாமே மார்ச், அதாவது படைநடை இசை, அல்ல. நாட்டிய மெட்டுகள் உண்டு. 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. ஆனால் அவற்றைத் தந்தது படைவீரனின் நடைக்கு வாசித்த பேண்டு. ஆகவே மார்ச் இசையின் வேகம், சுருதி, பாவம் மூன்றையும் நம் காதுகொண்டு ஆராய இவற்றைவிட நல்ல தொடக்கம் இல்லை.

முதலில் வேகம். படையின் விரைவு நடை நிமிடத்துக்குச் சுமார் 120 அடி, அதாவது விநாடிக்கு இரண்டு. இடது கால் தரையில் படும்போது பெரிய டிரம்மின் அடி விழும். நோட்டுஸ்வரங்களில் ஒன்றான 'ச்யாமளே மீனாக்ஷி' சதுஸ்ர ஏக தாளத்தில் அமைந்தது. கைபேசியில் மெட்ரோனோமை 120இல் வைத்து அதைப் பாடிப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் கால் தானாகத் தட்டும். 60க்கு இறக்கினால் அதே ஸ்வரங்கள் குழந்தைக்குச் சொல்லித்தரும் பாட்டாகிவிடும். காலடிக்கும் தாளத்தின் கதிக்கும் தமிழில் 'நடை' என்று ஒரே சொல் இருப்பதன் பொருத்தம் அப்போது புரியும்.

அடுத்தது சுருதி. நோட்டுஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், கமகம் இல்லை. பாடுபவர் தம் குரலுக்கேற்ற கட்டையை எடுத்துக்கொள்ளலாம். பேண்டுக்கு அந்த உரிமை இல்லை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் ஆறரைக் கட்டைக்கு அமைந்த வாத்தியங்கள். மெட்டு அவற்றுக்கு இணங்க வேண்டும். அமெரிக்கர் சூசா 1896இல் எழுதிய புகழ்பெற்ற மார்ச் இரண்டரைக் கட்டையில் தொடங்கி, நடுவில் மத்தியமத்தையே ஸட்ஜமாக்கிக்கொள்கிறது. கச்சேரியின் பிற்பகுதியில் மத்தியம சுருதிக்கு மாறும்போது நாம் உணரும் இளக்கமே அங்கும் கேட்கிறது.

பாவத்தில்தான் சிக்கல். சங்கராபரணம் மகிழ்ச்சி, நடபைரவி துக்கம் என்பது மேல்நாட்டுப் பொதுக்கருத்து. இசையமைப்பாளர் ஷோபானின் சவ ஊர்வல மார்ச் ஆறரைக் கட்டையில், நடபைரவியின் சாயலில், மிக மெல்ல நகர்கிறது. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒரு சவ ஊர்வலத்தின் பின்னால் நடந்து பாருங்கள். மேளம் வேகமாக அடிக்கும், பையன்கள் ஆடுவார்கள், பூ இறையும். துக்கம் அதில் குறைந்ததா? இல்லை. சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் வாசிக்கும் மல்லாரியும் நடப்பதற்கான இசைதான். கம்பீரநாட்டையில் சாகித்தியம் இன்றி ஒலிக்கும் அதற்கு மகிழ்ச்சி, துக்கம் என்ற இரண்டு பெட்டியும் பொருந்தாது. நடையிசையின் பாவத்தை வேகமும் சுருதியும் மட்டும் முடிவு செய்வதில்லை. தோளில் யார் போகிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

நோட்டுஸ்வரங்களுக்கு இன்று நூல்களும் ஒலிப்பதிவுகளும் உள்ளன. இசையமைப்பாளர் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் அவற்றை மேல்நாட்டு வாத்தியங்களோடு பதிவு செய்திருக்கிறார். கோட்டை பேண்டின் வாரிசுகளோ ராயபுரம், திருவொற்றியூர்த் தெருக்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எந்தக் கட்டையில் வாசிக்கிறார்கள், கல்யாண நடைக்கும் சாவு நடைக்கும் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதையும் நாம் அதே அக்கறையோடு குறித்து வைக்க வேண்டும். இசைக் கல்லூரி மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருமுறை வடசென்னைக்கு வரட்டும். 200 ஆண்டுகளுக்கும் முன் மணலியிலிருந்து தீட்சிதர் கோட்டைக்குப் போய்க் கேட்டார். இன்று கேட்க வேண்டியவர்கள் நாம்.