'அபஸ': ஒரு சொல்லும் அதன் தமிழும்

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் ஒரு முகக்குறிப்போடு தொடங்குகிறது. 'அபஸ' என்பதே அதன் முதற்சொல். அத்தியாயத்தின் பெயரும் அதுவே. 42 வசனங்களுக்கு வாயிலாக நிற்கும் இவ்வினையைத் தமிழில் பெயர்த்தோருள் சிலர் 'கடுகடுத்தார்' என்றனர். சிலர் 'முகம் சுளித்தார்' என்றனர். இரண்டும் ஒன்றுதானே என்று வாசகர் கடந்து போகலாம். நமக்கு அவ்வாறு கடந்து போக மனம் வரவில்லை.

நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து குறுக்கிட்டார்கள். பெருமானாரின் முகம் மாறிற்று. (முகம் மாறியவர் வேறொருவர் என்பது ஷீஆ விரிவுரையாளர் பலரின் கருத்து, நாம் பெருவழக்கான விளக்கத்தையே கொள்கிறோம்.) வந்தவருக்கோ பார்வை இல்லை. சுருங்கிய நெற்றியை அவர் கண்டிருக்க இயலாது. காண இயலாதவர் முன் தோன்றிய ஒரு முகமாற்றமும் இறைவனின் கண்டிப்புக்கு உரியதாயிற்று என்பதே இங்குள்ள நுட்பம்.

'கடுகடுத்தார்' இடறுவது இங்கேதான். கடுகடு என்பதில் ஓசை உண்டு. 'கடுகடுவென்று பேசினார்' என்பது நம் வழக்கு. முகத்தில் தோன்றும் கடுகடுப்பு குரலில் ஏறாமல் நிற்பது அரிது. குரலில் ஏறியிருந்தால் பார்வையற்றவர் அதனை உடனே அறிந்திருப்பார். மேலும், கடுகடுப்பானவர் என்றால் எந்நாளும் அப்படி இருப்பவர் என்றே பொருள்படும். சிடுமூஞ்சி, உம்மணாமூஞ்சி ஆகியவற்றுக்கு அண்டை வீட்டுச் சொல் அது. புன்முறுவலுக்குப் பெயர்பெற்ற ஒருவரின் ஒரு கணத்தைச் சொல்ல அது பொருந்துமா? முதலிரு வசனங்களும் படர்க்கையில் பேசி, மூன்றாவதில்தான் முன்னிலைக்குத் திரும்புகின்றன. நேரே சுட்டாத அந்தக் கனிவை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். மூலம் காத்த கனிவை மொழிபெயர்ப்பு சிந்திவிடலாகாது.

'முகம் சுளித்தார்' இதனினும் மேல். ஆயினும் தமிழில் சுளிப்பு அருவருப்பின் சாயல் கொண்டது; கசப்பு மருந்துக்கும் துர்நாற்றத்துக்கும் முகம் சுளிக்கிறோம். அங்கு நேர்ந்ததோ இடையூற்றால் வந்த சலிப்பு. 'புருவம் நெரித்தார்' என்றால் சினம் மிகுந்துவிடும். 'நெற்றியைச் சுருக்கினார்' என்பதே அளவோடு நிற்பதாக நமக்குப் படுகிறது.

ஒரு மூலச்சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்போர் உளர். நாம் அதற்கு உடன்படோம். 74ஆம் அத்தியாயத்தில் இதே வினை 'பஸர' என்பதோடு இணைந்து வருகிறது. வேதத்தைச் சூனியம் என்று சொல்லத் துணிந்த வலீத் இப்னு முகீராவையே அது குறிப்பதாக விரிவுரைகள் கூறும். அங்கே 'கடுகடுத்தான்' தாராளமாகப் பொருந்தும். இதே வேரில் பிறந்த 'அப்பாஸ்' சிங்கத்துக்கும் வழங்கும். பெருமானாரின் சிறிய தந்தையார் பெயரும் அதுவே. நம் இல்லங்களில் அப்பெயரிட்டு அழைப்போர் சிடுசிடுப்பை நினைத்தா அழைக்கின்றனர்?

76ஆம் அத்தியாயமோ மறுமை நாளையே 'அபூஸ்' என்கிறது. நாளுக்கும் ஒரு முகம்! 'கடுகடுப்பான நாள்' என்பது தமிழில் உயிரற்றுக் கிடக்கிறது. 'முகம் இருண்ட நாள்' என்று நாம் எழுதிப் பார்த்தோம், ஓரளவு நிற்கிறது. அடுத்து வரும் 'கம்தரீர்' என்பதற்குக் கடுமை என்றும், நெடுமை என்றும், புருவங்களுக்கிடையே விழும் மடிப்பு என்றும் பொருள் உரைப்பர். இம்மூன்றையும் ஒருசேரத் தாங்கும் தமிழ்ச்சொல் நமக்கு இன்னும் அகப்படவில்லை.