மகிவாரா: சுவரில் மாட்டினால் போதுமா?

வீட்டிலேயே கராத்தே பேட் செய்வதற்குச் சொல்லப்படும் வழிமுறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு துண்டு ப்ளைவுட், அதன்மேல் ரப்பர் ஷீட், அதைச் சுற்றிக் கயிறோ பழைய ஜீன்ஸ் துணியோ. நாலு போல்ட் போட்டுச் சுவரில் இறுக்கிவிட்டு தினமும் குத்த வேண்டியது. செலவு கம்மி, வேலையும் அரை மணி நேரம்தான். பார்க்க ஒகினாவாவின் மகிவாரா மாதிரியே இருக்கும். ஆனா அது மகிவாரா இல்லைங்க. ஏன் இல்லை என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏன்னா இதில் கெடப்போவது கை.

குழப்பம் பெயரிலேயே தொடங்குது. ஜப்பானிய மொழியில் 'மகி' என்றால் சுற்றியது, 'வாரா' என்றால் வைக்கோல். வில்வித்தைக்காரர்கள் கிட்டத்தில் நின்று அம்பு விட்டுப் பழகும் வைக்கோல் கட்டுக்கும் ஜப்பானில் இதே பெயர்தான். ஆக, பெயர் மேலே இருக்கும் மெத்தையை மட்டும்தான் சொல்கிறது. கேட்பவர்களும் மெத்தைதான் முக்கியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒகினாவாவில் வேலை செய்வது பின்னால் இருக்கும் மரம்.

அந்த மரத்தைக் கவனிச்சுப் பாருங்க. சுமார் ஏழடிப் பலகை, அதில் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள். அடிப்பாகம் தடிமனாக இருக்கும், மேலே போகப்போக இழைத்து மெலிதாக்கியிருப்பார்கள். குத்தும் இடம் நெஞ்சு உயரத்தில். மண்ணுக்குள்ளே இரண்டு தடுப்புகள்: தரைமட்டத்தை ஒட்டி, குத்துபவருக்கு எதிர்ப்பக்கம் ஒன்று, அடி நுனியில், குத்துபவர் பக்கம் ஒன்று. மேலே தள்ளும்போது அடி நுனி நம் பக்கம் கிளம்பப் பார்க்கும் இல்லையா, அதைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஷூரியில் 1868-ல் பிறந்து, 1922-ல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன கிச்சின் ஃபுனாகோஷி தன் 'கராத்தே-தோ க்யோஹான்' (1935) நூலில் மகிவாராவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் அவர் அதைப் பார்த்தார்.

மேலே இழைப்பது அழகுக்காக இல்லை. பலகையின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் குத்தும்போது நுனி பின்னால் வளைகிறது, வளைய வளைய எதிர்ப்பு கூடுகிறது. இப்போ கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரே வேகத்தில் வரும் கை 5 செ.மீ. தூரத்தில் நிற்பதற்கும் 5 மி.மீ. தூரத்தில் நிற்பதற்கும் சராசரி விசையில் பத்து மடங்கு வித்தியாசம். சுவரில் இறுக்கிய பேட் கொடுப்பது அந்த ரப்பர் நசுங்கும் சில மில்லிமீட்டர்தான். மிச்சத்தை வாங்குவது முட்டி, மணிக்கட்டு, முழங்கை.

இன்னொரு இழப்பும் உண்டு. வளையும் மரம் குத்தைத் திருத்தும். மணிக்கட்டு கோணினால், குதிகால் தூக்கினால், மரம் உங்களைத் திருப்பித் தள்ளும். ஆழமாகத் தள்ளி நிறுத்தணும்னா காலிலிருந்து முட்டி வரை ஒரே கோட்டில் இருக்கணும். சுவரிடம் இந்தப் பாடம் கிடையாது. அங்கே நல்ல குத்தும் மோசமான குத்தும் ஒரே 'தொப்'தான்.

"வலிச்சாத்தான் எலும்பு இறுகும்" என்பார்கள். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார், அது சரிதான். ஆனா எத்தனை தடவை? ரூபினும் லான்யனும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் சேவலின் இறக்கை எலும்புக்குத் தினமும் சுமை கொடுத்துப் பார்த்தார்கள். நாளைக்கு 36 தடவையிலேயே எலும்பு நன்றாக வளர்ந்தது. அதை 1800 ஆக்கியும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. சேவல் மனிதன் இல்லை, இறக்கை முட்டியும் இல்லை. இருந்தாலும் "தினம் ஆயிரம் குத்து" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லணும். மூட்டுக் குருத்தெலும்பில் ரத்த ஓட்டமே கிடையாது, அது எலும்பு மாதிரி தேறிக்கொள்ளாது. தோலில் வரும் காய்ப்போ உரசலின் அடையாளம் மட்டுமே. காய்ப்பைக் காட்டி எலும்பு இறுகிவிட்டதாகச் சொல்வது, செருப்பு தேய்ந்ததைக் காட்டி ஓட்டக்காரன் என்பது போல.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல சாட்சி இருக்கு. 1985-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 22 கராத்தே ஆசிரியர்களின் கைகளை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார்கள். சீக்கிரமே மூட்டுத் தேய்மானம் வருவதற்கான அறிகுறி இல்லை என்பதே முடிவு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா இவர்கள் பல வருடம் தாக்குப்பிடித்து ஆசிரியரானவர்கள். கை கெட்டு நடுவில் நின்றுபோனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். முறையாகப் பழகினால் கை கெடாது என்பதற்குத்தான் அது ஆதாரம், சுவர் பேடுக்கு இல்லை.

சீனத்து 'இரும்புக் கை' பயிற்சிப் பையை இதனுடன் போட்டுக் குழப்பக் கூடாது. பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையை மேசையில் வைத்து, கையைத் தளர்த்தி விழவிடுவார்கள். பயறு நகர்ந்து இடம் கொடுக்கும். கடினமான நிரப்புப் பொருள் எல்லாம் பிறகுதான். பொருள் வேறானாலும் அங்கேயும் தத்துவம் ஒன்றே: அடிபடும் பொருள் விட்டுக்கொடுக்கணும்.

சரி, மண் இல்லாத அடுக்குமாடியில் என்ன செய்வது? பலகையின் அடியை மட்டும் கனமான பீடத்திலோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ இறுக்குங்க. மேல்பாகம் சும்மா நிற்கட்டும், பின்னால் ஒரு கையகலம் இடைவெளி விடுங்க. கணு இல்லாத, நீளவாக்கில் ரேகை ஓடும் மரமாகப் பாருங்க. உள்ளங்கையால் தள்ளினால் ஓர் அங்குலமாவது போகணும். போகலைன்னா இன்னும் இழைக்கணும். தேங்காய் நார்க் கயிறு தோலைக் கிழிக்கும், மேலே துணி சுற்றுங்க. ரத்தம் பட்ட பேடை இன்னொருவர் தொடக் கூடாது, மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் வழி அது. ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளால் மட்டும் குத்துங்க. சுண்டுவிரல் பக்கம் பட்டால் உடைவது அந்த எலும்புதான். இருபது முப்பது குத்தில் நிறுத்துங்க. வீக்கம் இருந்தால் அன்று லீவு. எலும்பு வளர்ந்து முடியாத பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். அவர்களுக்குக் கையில் பிடிக்கும் மெத்தை பேட் போதும்.

ஓடு உடைத்துக் காட்டுவதைக் கராத்தேயாக நினைக்க வேண்டாம் என்று ஃபுனாகோஷியே எழுதியிருக்கிறார். மகிவாராவின் முன் நிற்பவர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டால், போல்ட்டை வாங்குவதற்கு முன் இழைப்புளியை எடுப்பார்கள்.