ஒரே கட்டளை, ஆயிரம் கருவிகள்

கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் 2022இல் தன் மைய ஐபி வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஐந்து கட்டங்கள் சிக்கலின்றி முடிந்தன. ஆறாவது கட்டத்தின்போது, ஜூலை 8 வெள்ளிக்கிழமை அதிகாலையில், ஊழியர்கள் ஒரு விநியோக ரௌட்டரின் கான்ஃபிகரேஷனிலிருந்து ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். வழித்தடத் தகவல்கள் அளவுக்கு மீறி மைய ரௌட்டர்களுக்குள் புகாமல் தடுத்துக்கொண்டிருந்த வடிகட்டி அது. தடை போனதும் தாங்க முடியாத அளவுக்குத் தகவல் பாய்ந்து, மைய ரௌட்டர்கள் செயலிழந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சேவை திரும்ப ஏறத்தாழ 26 மணி நேரம் ஆனது. கடைகளில் இன்டராக் டெபிட் அட்டைகள் வேலை செய்யவில்லை. 911 அவசர எண்ணை அழைத்த பலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை.

கனடாவின் ஒழுங்குமுறை ஆணையமான சிஆர்டிசி இதை ஆராய ஸோனா பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. 2024இல் அதன் அறிக்கைச் சுருக்கம் வெளியானது. வலையமைப்புக் கருவிகளைத் தானியக்கமாக அமைப்பது பற்றிப் பேசுகிற எவரும் அதில் ஒரு தகவலைத் தவறவிடக் கூடாது. மேம்படுத்தல் பணி முழுவதற்கும் தொடக்கத்தில் ‘அதிக ஆபத்து’ என்ற தரம் தரப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்களின் வெற்றியையும் கணக்கில் சேர்க்கும் ஒரு கணக்கீட்டு முறையை ரோஜர்ஸ் வைத்திருந்தது. அந்தக் கணக்கின்படி ஆபத்துத் தரம் இறங்கி, வடிகட்டி நீக்கம் ‘குறைந்த ஆபத்து’ வகைக்குள் வந்துவிட்டது. அதனால் அந்த மாற்றத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடுமையான பரிசீலனையும் ஆய்வகச் சோதனையும் கிடைக்கவில்லை.

கட்டளையைத் தந்தது மனிதக் கையா ஸ்கிரிப்டா என்பது இங்கே இரண்டாம் பட்சம். எவ்வளவு கவனம் வேண்டும் என்ற முடிவை ஒரு சூத்திரம் எடுத்தது என்பதே என்னை உறுத்துகிறது. தானியக்கத்தின் நன்மை தீமைகளை எடைபோடும்போது கை செய்யும் வேலையை இயந்திரத்திடம் கொடுப்பதையும், தீர்ப்புச் சொல்லும் வேலையை அதனிடம் கொடுப்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். இரண்டாவதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் போதிய யோசனையில்லாமல் செய்துவருகின்றன.

முதலாவது ஏன் தேவை என்பதற்கு இத்துறையின் பழைய வேலைமுறையே பதில். புதிய ரௌட்டரை நிறுவப் போகும் பொறியாளர் மடிக்கணினியையும் கன்சோல் கேபிளையும் எடுத்துக்கொண்டு போவார். பழைய தளம் ஒன்றின் கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து, ஐபி முகவரி, விலான் எண், அண்டை ரௌட்டரின் விவரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஒட்டுவார். ஒரு எண் பிசகினால் வேறு ஊரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இணைப்புப் போகும். ஒவ்வொரு தயாரிப்பாளரின் கருவிக்கும் கட்டளை மொழி வேறு. இந்த வேலை பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பராமரிப்பு நேரத்தில்தான் நடக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் நூற்றுக்கணக்கான வரிகளை ஒரு மனிதர் பிழையின்றித் தட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இணையக் கட்டமைப்பு வாரியம் 2002 ஜூனில் வலையமைப்பு இயக்குநர்களையும் நெறிமுறை வடிவமைப்பாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. அந்தக் கூட்டத்தின் பதிவு அடுத்த ஆண்டு ஆர்எஃப்சி 3535 என்ற ஆவணமாக வந்தது. எஸ்என்எம்பி நெறிமுறை கருவிகளைக் கண்காணிக்கத்தான் பயன்படுகிறது, அமைக்கப் பயன்படுவதில்லை என்று இயக்குநர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். கருவிக்கு நாம் இட்ட அமைப்பும் அது தற்போது இருக்கும் நிலையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், பல கருவிகளில் செய்யும் மாற்றம் ஒன்றாக நிறைவேற வேண்டும் அல்லது ஒன்றாகக் கைவிடப்பட வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளிலிருந்து 2006இல் நெட்கான்ஃப் நெறிமுறையும், 2010இல் யாங் என்ற தரவு வடிவ மொழியும் பிறந்தன. களத்தில் வேலை செய்தவர்களின் வலியைக் கேட்டு உருவானதால்தான் அவை இன்றும் நிலைத்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

நெட்கான்ஃபில் ஒரு சிறு வசதி உண்டு. மாற்றத்தைத் தற்காலிகமாக நடைமுறைப்படுத்திவிட்டு, குறித்த நேரத்துக்குள் உறுதி வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடு என்று கருவியிடம் சொல்லிவைக்கலாம். நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 600 விநாடி. ஊழியருக்கும் கருவிக்கும் தொடர்பே அறுந்துபோனாலும் கருவி தானாகவே பின்வாங்கிவிடும். கையால் வேலை செய்யும் எவராலும் தர முடியாத பாதுகாப்பு இது. தானியக்கத்தை விற்பவர்கள் வேகத்தையும் ஆள்குறைப்பையும் பற்றியே பேசுகிறார்கள். இந்தப் பின்வாங்கும் திறனை முன்னிறுத்துபவர்கள் குறைவு.

வேகத்தின் பயன் பொய்யில்லை. நம் ஊரில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருபவர் ஓஎன்டி பெட்டியைப் பொருத்தி, அதன் சீரியல் எண்ணைப் பதியச் சொல்கிறார். அதன்பின் பரிமாற்றகத்தின் ஓஎல்டி கருவி அந்தப் பெட்டியை அடையாளம் கண்டு, வேகத் திட்டம், தொலைபேசி, தொலைக்காட்சி அமைப்புகளைக் கம்பி வழியாகவே அனுப்பிவிடுகிறது. வீடுவீடாக இதைக் கையால் செய்திருந்தால் ஃபைபர் இணைப்பு இவ்வளவு தூரம் பரவியிருக்காது. பெரிய ரௌட்டர்களிலும் இதே முறை வந்துவிட்டது. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் அது முகவரி கேட்டு, தனக்கான கோப்பைச் சர்வரிலிருந்து எடுத்து, தானே தயாராகிறது.

ஆனால் புதிய பெட்டி யாரை நம்புகிறது? அது பேசும் சர்வர் நிறுவனத்துடையதுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தொடக்ககால முறைகள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடந்துபோய்விட்டன. கையெழுத்திட்ட தரவோடு இதைப் பாதுகாப்பாகச் செய்யும் வழி ஆர்எஃப்சி 8572 ஆக 2019இல்தான் வந்தது. வீட்டு ரௌட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் டிஆர்-069 நெறிமுறையோ 2004இலிருந்தே புழக்கத்தில் இருந்தது. 2016 நவம்பர் இறுதியில் மிராய் தீநிரலின் ஒரு வகை, அந்த நிர்வாக வேலைக்காகத் திறந்திருந்த 7547 எண் வாயிலை இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்தது. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு முடங்கியது. நிறுவனத்தின் சொந்தச் சர்வர்கள் மட்டுமே தட்டக்கூடிய வாயிலாக அதை வைத்திருக்கலாம். ஆள் போகாமல் சீர்செய்வதற்காக வைத்த கதவு ஊருக்கே திறந்து கிடந்தது.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு பலவீனமும் உண்டு. தானியக்க மென்பொருள் ஒரு தரவுத்தளத்தை நம்பி இயங்குகிறது. எந்தத் தளத்தில் எந்தக் கருவி, எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள், எந்த வாடிக்கையாளருக்கு எந்த முகவரி என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய நிறுவனங்களில் இந்தப் பதிவேடு உண்மையோடு ஒத்துப்போவது அரிது. ஏதோ ஓர் இரவில் கேபிள் அறுந்து, ஒருவர் அவசரமாக வேறு போர்ட்டுக்கு மாற்றி, கையால் நான்கு வரி சேர்த்து இணைப்பைக் காப்பாற்றியிருப்பார். பதிவேட்டில் அது ஏறியிருக்காது. சில மாதங்கள் கழித்து மென்பொருள் அந்த நான்கு வரிகளைப் பிழை என்று கருதித் துடைத்துவிடும். கையால் வேலை செய்த காலத்தில் அந்த வரிகளைப் பார்க்கும் பொறியாளர் ‘இது ஏன் இங்கே இருக்கிறது’ என்று ஒரு நிமிடம் நின்றிருப்பார். பதிவேட்டைச் சுத்தப்படுத்துவது சலிப்பூட்டும், பல ஆண்டு பிடிக்கும் வேலை. அதற்குப் பணம் ஒதுக்காமல் மென்பொருளை மட்டும் வாங்குவது, கோணலான அளவுகோலைக் கொடுத்துக் கட்டடத்தை வேகமாக எழுப்பச் சொல்வதற்குச் சமம்.

இனி தீர்ப்புச் சொல்லும் இயந்திரங்களுக்கு வருவோம். 2023 நவம்பர் 8 அதிகாலை ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் வலையமைப்பு விழுந்தது. வெளிநாட்டு இணைப்பு வலையமைப்பில் நடந்த மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு வழித்தடத் தகவல்கள் பெருகி வந்தன. ஏறத்தாழ 90 ரௌட்டர்கள் தங்களுக்குள் இருந்த பாதுகாப்பு வரம்பு மீறப்பட்டதைக் கண்டு, தாமாகவே வலையமைப்பிலிருந்து விலகிக்கொண்டன. கருவி தயாரிப்பாளர் வைத்திருந்த இயல்புநிலை வரம்பு அது. ஒவ்வொரு ரௌட்டரும் தனக்கிட்ட விதிப்படி சரியாகவே நடந்துகொண்டது. எல்லாம் ஒரே சமயத்தில் விலகினால் நாட்டின் கதி என்ன என்று அந்த விதியை எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. ஏறத்தாழ 1 கோடி பேர் சேவை இழந்தார்கள். சில கருவிகளை எழுப்ப ஊழியர்கள் நேரில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அந்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார்.

ரோஜர்ஸ், ஆப்டஸ் இரண்டிலும் ஒரு கொடுமையான ஒற்றுமை இருக்கிறது. மையம் இறந்த பிறகும் கோபுரங்கள் பல உயிரோடு அலைவரிசையை அனுப்பிக்கொண்டிருந்தன. கைபேசிகள் அந்தக் கோபுரங்களையே பற்றிக்கொண்டதால், அவசர அழைப்புக்கு வேறு நிறுவனத்தின் வலையமைப்பைத் தேடிப் போகவில்லை. முழுவதும் அணைந்திருந்தால் உதவி கிடைத்திருக்கும் இடங்களில், பாதி உயிரோடு இருந்ததால் கிடைக்காமல் போனது.

திரும்பும் வழியையும் பார்க்க வேண்டும். ரோஜர்ஸ் கருவிகளை நிர்வகிக்கும் வலையமைப்பு, விழுந்துபோன அதே மையத்தைச் சார்ந்திருந்தது. பொறியாளர்களால் பிழைப்பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசவும் வழியில்லை. அவர்கள் கையிலிருந்ததும் ரோஜர்ஸ் கைபேசிதான். வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளைத் தொலைதூரத் தளங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து எல்லாவற்றையும் அமைக்கலாம் என்ற நம்பிக்கையில் களப்பணியாளர்களைக் குறைக்கும் ஒவ்வொரு நிறுவனமும், தனித்த நிர்வாக வலையமைப்புக்கு ஆகும் செலவை அதே கணக்கில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் அந்தச் சேமிப்பு பொய்க் கணக்கு.

இதற்கு நேரெதிரான பாடம் ஏடி அண்ட் டி தருகிறது. 2024 பிப்ரவரி 22 அதிகாலை, இரவுப் பராமரிப்பின்போது தவறாக அமைக்கப்பட்ட ஒரு கருவி வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. சில நிமிடங்களில் வலையமைப்பு தற்காப்பு நிலைக்குள் போய், எல்லாக் கைபேசி இணைப்புகளையும் துண்டித்தது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அறிக்கைப்படி 12 கோடியே 50 லட்சம் சாதனங்கள் பாதிக்கப்பட்டன. 911க்குப் போக வேண்டிய 25,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் தடைபட்டன. மாற்றம் சுமார் இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டாலும், கோடிக்கணக்கான சாதனங்கள் ஒரே நேரத்தில் மீண்டும் பதிய முண்டியடித்ததால் முழுச் சேவை திரும்பக் குறைந்தது 12 மணி நேரம் ஆனது. அந்த மாற்றத்தைச் சக பொறியாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று நிறுவனத்தின் விதியே சொல்லியிருந்தது. யாரும் சரிபார்க்கவில்லை.

இங்கே போதாமல் போனது தானியக்கம்தான். சரிபார்ப்புக் கையொப்பம் இல்லாத மாற்றத்தை ஏற்க மறுக்கும் ஒரு வாயில் இருந்திருந்தால் அந்தக் கருவி உள்ளே வந்திருக்காது. செய்வதற்கு இயந்திரத்தை நம்புவதைவிட மறுப்பதற்கு அதை நம்புவது பாதுகாப்பானது. ஆய்வகத்தில் ஓடாத மாற்றத்தை மறுக்கட்டும். ஒரே இரவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மைய ரௌட்டர்களைத் தொடும் கட்டளையை மறுக்கட்டும். ஒரு நகரத்தில் முடித்து, அளந்து பார்த்த பிறகே அடுத்த நகரத்துக்குப் போக அனுமதிக்கட்டும். ஐந்து முறை வெற்றி பெற்றதால் ஆறாவது முறைக்குச் சலுகை தரும் சூத்திரத்தைவிட, ஆறாவது முறையும் அதே கேள்விகளைக் கேட்கும் சலிப்பில்லாத வாயில்காப்போனாக மென்பொருள் இருப்பது மேல். மனிதர் அலுத்துப்போய் விட்டுவிடும் இடமும் அதுவே.

இத்துறை நகரும் திசை வேறாக இருக்கிறது. டிஎம் ஃபோரம் என்ற தொழில் அமைப்பு வலையமைப்புகளின் தன்னாட்சியை 0 முதல் 5 வரை படிநிலைகளாக வகுத்திருக்கிறது. முழுத் தன்னாட்சி ஐந்தாம் படி. நிறுவனங்கள் நான்காம் படியை இலக்காக அறிவித்துக்கொள்கின்றன. மனிதத் தலையீடு எவ்வளவு குறைந்தது என்பதை அந்த ஏணி அளக்கிறது. தவறிய மாற்றத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் மீள முடியும், அப்போது கையால் சீர்செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்பதற்கும் சம இடம் தரும் அளவுகோல்தான் எனக்கு வேண்டும். கட்டளை வரியைத் தொடாமலே பல ஆண்டு பணியாற்றும் பொறியாளருக்கு விபத்து நாளன்று கை பழகியிருக்காது. ஆண்டுக்குச் சில முறையாவது மென்பொருளை ஒதுக்கிவைத்து, ஒத்திகைத் தளத்தில் கையால் மீட்டெடுக்கும் பயிற்சி கட்டாயமாக வேண்டும்.

மாற்றம் முடிந்தபின் எதைச் சோதிக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. ஆப்டஸில் 2025 செப்டம்பர் 18 அன்று ஒரு ஃபயர்வால் மேம்படுத்தப்பட்டது. சாதாரண அழைப்புகள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன. 000 என்ற அவசர எண்ணுக்கான நூற்றுக்கணக்கான அழைப்புகள் மட்டும் பல மணி நேரம் போய்ச் சேரவில்லை. சில உயிரிழப்புகள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கவில்லை. கருவி நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது, எல்லா மென்பொருளும் அதைச் செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், அவசர சேவை மையத்தோடு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு சோதனை அவசர அழைப்பு உண்மையாகவே போய்ச் சேர வேண்டும்; சேராவிட்டால் மாற்றம் தானாகத் திரும்பப் பெறப்பட வேண்டும். இதை எழுதத் தேவையான தொழில்நுட்பம் நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை உரிம நிபந்தனையாக்கும் அதிகாரம் ஒழுங்குமுறை ஆணையங்களிடம் இருக்கிறது.