குமிகோவும் நாகபந்தமும்

சித்திரகவி என்ற சொல்லை எடுத்தாலே நம்மிடையே ஒரு சிரிப்பு எழும். எனக்கும் எழுந்தது. நாகபந்தம், ரதபந்தம் எல்லாம் வேலையற்ற புலவர்களின் குறுக்கெழுத்துப் போட்டி என்று எழுதியுமிருக்கிறேன். அந்தத் தீர்ப்பில் பாதியை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

அமிர்தியில், ஜவ்வாது மலையடிவாரத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்காரும் தச்சரிடம் ஜப்பானியக் குமிகோவின் படமொன்றைக் காட்டினேன். மெல்லிய மரச் சட்டங்களை ஆணியில்லாமல் கோத்துச் செய்கிற பின்னல் அது. ஷோஜி என்கிற காகிதக் கதவுகளிலும், கதவுக்கு மேலே ரன்மாவிலும் வரும். அவர் வெகுநேரம் பார்த்தார். “எதுக்கு சார் மரத்தையே பாக்கறீங்க, ஓட்டையப் பாருங்க” என்றார்.

நாங்கள் முயன்றது அஸனோஹா. சணல் இலை என்று நாகரிகமாகச் சொல்லலாம், கஞ்சா இலைதான். ரீப்பர்களைச் சதுரங்களாகக் கோத்து, ஒவ்வொரு சதுரத்திலும் மூலைவிட்டம் வைத்து, இரு முக்கோணங்களுக்குள்ளும் சிறு துண்டுகளைச் செருக வேண்டும். முனைகளின் கோணம் 45, 22.5, 67.5 பாகை. பசை பேருக்குத்தான். துண்டுகள் ஒன்றையொன்று நெருக்குவதே பிடிப்பு. நான் வெட்டியதில் சந்திப்புக்கு அரை மில்லிமீட்டர் பிசகியது. நாலு சந்திப்பில் 2 மில்லிமீட்டர். பேரேட்டில் பத்துப் பைசா உதைத்தால் ராத்திரிவரை தேடிப் பிடித்துவிடலாம். மரத்தில் தேட ஒன்றுமில்லை, திரும்ப வெட்ட வேண்டியதுதான்.

சட்டங்கள் குறுக்கிடும் இடத்தில் இரண்டும் தம்மில் பாதியை இழக்கின்றன. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள், இரண்டு வெண்பாக்கள். உடல்கள் பின்னும் இடத்தில் ஓரெழுத்து இரண்டுக்கும் பொது. இந்தத் தச்சுக் கணக்கைத்தான் நான் சிரித்துத் தள்ளியிருந்தேன். ஆனால் பாம்பைப் பிரித்துப் படித்தால் கிடைப்பது பெரும்பாலும் சாதாரணத் துதி. அங்கே எழுத்து எதையும் இழப்பதில்லை, அர்த்தம்தான் வளைந்துகொடுக்கிறது. ஓட்டை வழியே வெளிச்சம் வருவதில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் மரப் பின்னல்களை நினைத்துக்கொள்கிறேன். உள்ளிருப்பவர் பார்க்க வேண்டும், வெளியிலிருப்பவர் பார்க்கக் கூடாது. துளையின் அளவு அதிலிருந்து வருகிறது.

1959ல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து நாம் சட்டங்களைக் கழற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். ஓட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு மௌனம் என்று பெயரிட்டோம். சுற்றிலும் சட்டமில்லாதபோது அது ஓட்டையா, வெறும் வெளியா? என் பழைய கவிதை ஒன்றிலிருந்து மூன்றாவது வரியை உருவிப் பார்த்தேன். எதுவும் விழவில்லை. குமிகோவில் ஒரு துண்டை உருவினால் பக்கத்துத் துண்டும் கையோடு வந்துவிடும். வெண்பாவுக்குத் திரும்பச் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களுடன் எனக்குப் பேச்சில்லை. உருவ முடியாத வரி என்று நம்மிடம் எத்தனை தேறும் என்று கேட்கிறேன்.

என் ஒன்பது கட்டங்களில் நாலில்தான் இலை நிற்கிறது. மீதி ஐந்தைத் தச்சர் விரலால் சுண்டினார், உதிர்ந்தன. பொறுக்கி அடுப்பங்கரைப் பக்கம் போட்டுவிட்டு, புது ரீப்பர் இழைக்க உட்கார்ந்தார்.